மைதாஸ் அரசனும் ராஜா சூலானும்: தொன்மக் கதையை வரலாறாக வாசித்தல்

1. முன்னுரை

அண்மையில் ஜொகூர் பாருவில் தமிழாசிரியர்களுக்கென நடைபெற்ற பயிலரங்கு ஒன்றில் ஆசிரியை ஒருவர் எழுந்து, "ஐயா, இராசேந்திர சோழன் வென்ற நகரம் நம் கோத்தா திங்கிக் காட்டுக்குள் புதைந்து கிடக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்லலாமா?" என்று வினவினார். அரங்கிலிருந்தோருள் பலர் சொல்லலாம் என்பதுபோல் தலையசைத்தனர். நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. 2005ஆம் ஆண்டில், ஆசிரியப் பணியில் புதிதாகச் சேர்ந்திருந்த நாமும் அச்செய்தி வெளிவந்த நாளிதழை வகுப்பறைக்கு எடுத்துச் சென்று, "இதோ, சோழர் கண்ட நகரம்" என்று மாணவர்முன் விரித்துக் காட்டியதுண்டு. அன்று நாம் சொன்னது சான்றில்லாக் கூற்று. அதனை நம்பிய மாணவர்கள் இன்று தம் பிள்ளைகளுக்கும் அதனையே சொல்லிக்கொண்டிருக்கக் கூடும்.

இக்கட்டுரை அவ்வினாவிற்குக் காலந்தாழ்த்தி அளிக்கப்படும் விடையாகும். விடை தேடும் முயற்சியில் நாம் தொலைவிலுள்ள ஒரு மக்களினத்தின் வரலாற்றைத் துணைக்கொள்கிறோம். இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில், கி.மு. முதலாயிரத்தாண்டில் வாழ்ந்து அரசமைத்தவர்கள் ஃபிரிஜியர். தொட்டதெல்லாம் பொன்னாக மாறிய மைதாஸ் அரசனின் கதையை நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அம்மைதாஸ் ஃபிரிஜியர்தம் மன்னன். வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வினை மேற்கொண்டிருந்த காலத்தில், வேறொரு தேடலின் இடையே ஃபிரிஜியத் தலைநகரின் அகழ்வறிக்கைகள் நம் கையில் சிக்கின. தமிழுக்கும் அவற்றுக்கும் எவ்வகை உறவும் இல்லை. உறவுண்டு என்று நிறுவுவதும் நம் நோக்கமன்று. பிறர் சொன்ன கதையால் மட்டுமே அறியப்பட்ட ஒரு மக்களின் வரலாறு எவ்வாறு மீட்கப்பட்டது, மீட்கும்போது அறிஞர் எங்கே பிழைபட்டனர் என்பனவற்றை அவை காட்டின. ஜொகூரின் கோத்தா கெலாங்கி பற்றி எழுதும் தமிழருக்கு அவ்விரண்டும் வேண்டியன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. பிறர் வாய்மொழியில் வாழ்ந்தோர்

ஃபிரிஜியர் எழுத்தறியாதவர் அல்லர். கிரேக்க நெடுங்கணக்கை ஒத்த எழுத்தில் அவர்கள் பாறைகளிலும் மட்கலங்களிலும் பொறித்துள்ளனர். அவர்தம் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சார்ந்தது, கிரேக்கத்தோடு நெருங்கியது. எனினும் அவர்கள் விட்டுச்சென்றவை பெரும்பாலும் குறும்பொறிப்புகளே. தம் வரலாற்றைத் தாமே எழுதிய நூலென ஒன்றும் கிடைத்திலது. ஆகவே அவர்களைப் பற்றி உலகம் அறிந்தவை நெடுங்காலம் கிரேக்கரும் அசீரியரும் உரோமரும் கூறியனவாகவே இருந்தன. கூறியவர் ஒவ்வொருவருக்கும் தத்தம் தேவை இருந்தது. அசீரியப் பேரரசன் இரண்டாம் சர்கோனின் ஆவணங்களில் 'முஷ்கி நாட்டு மிதா' என்பவன் முதலில் பகைவனாகவும், கி.மு. 709 அளவில் பணிந்து தூதனுப்பியவனாகவும் காணப்படுகிறான். அறிஞர் பெரும்பாலோர் இவனையே கிரேக்கரின் மைதாஸ் எனக் கொள்வர். அசீரியரின் பதிவில் அவன் அரசியல் கணக்கிற்குரிய ஓர் அண்டை மன்னன். கிரேக்கரின் கதையில் பேராசைக்கு எடுத்துக்காட்டு. ஆள் ஒருவனே; அவனைப் பேசியோரின் நோக்கங்கள் வேறு.

ஹெரோடோட்டஸ் கூறும் கதையொன்று தமிழாசிரியர் சிறப்பாகக் கருதத்தக்கது. உலகில் எம்மக்கள் மூத்தோர் என்பதை அறிய விரும்பிய எகிப்திய மன்னன் சாமெத்திகஸ், பிறந்த குழந்தைகள் இருவரை எவர் பேச்சும் கேளாவண்ணம் வளர்க்கச் செய்தானாம். அவர்கள் முதலில் உச்சரித்தது 'பெக்கோஸ்' என்னும் சொல். அது ஃபிரிஜிய மொழியில் அப்பத்தைக் குறிக்கும் என்று அறிந்த மன்னன், ஃபிரிஜியரே எகிப்தியரினும் மூத்தோர் என ஒப்புக்கொண்டானாம்.

இக்கதையில் வியப்பிற்குரிய ஒன்றுண்டு. உரோமர் காலத்துப் பிற்கால ஃபிரிஜியக் கல்லறைப் பொறிப்புகளில், கல்லறையைச் சிதைப்போர்க்கு இடப்பட்ட சாபத் தொடர்களில், பெக்கோஸ் என்னும் சொல் மெய்யாகவே காணப்படுகிறது. அஃதாவது ஹெரோடோட்டஸ் கூறிய சொல் உண்மை. அச்சொல்லைக் கொண்டு மக்களின் மூப்பினை நாட்டிய முடிபோ பிழை. கதையொன்றின் ஒரு கூறு மெய்யென நிறுவப்படுவதால் கதை முழுவதும் மெய்யாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. மொழியின் தொன்மையைப் பெருமிதத்தோடு பேசும் நாம் இக்கதையை நகையோடு கடந்துவிடுதல் ஆகாது.

3. பொன் இல்லாத கல்லறை

ஃபிரிஜியரின் தலைநகரான கோர்டியன் அங்காராவிற்குத் தென்மேற்கே உள்ளது. அதனை 1893இல் செருமானிய அறிஞர் ஆல்ஃபிரட் கோர்ட்டே அடையாளம் கண்டார். 1900இல் தம் உடன்பிறந்தார் குஸ்தாவ் கோர்ட்டேயுடன் அங்கு அகழ்ந்தார். பின்னர் 1950இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகம் ராட்னி யங் தலைமையில் நீண்டகால அகழ்வைத் தொடங்கியது. 2023இல் கோர்டியன் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாயிற்று.

ஊரைச் சூழ்ந்த புதைமேடுகளுள் மிகப்பெரியது ஏறத்தாழ 53 மீட்டர் உயரமுடையது. 'மைதாஸ் மேடு' என்றே அது வழங்கிற்று. 1957இல் அதன் நடுவிலிருந்த மரத்தாலான அறை திறக்கப்பட்டது. உள்ளே அறுபது வயதைக் கடந்த ஆடவர் ஒருவரின் எச்சமும், வேலைப்பாடமைந்த மரப்பொருள்களும், நூற்றுக்கு மேற்பட்ட வெண்கலக் கலங்களும், ஆடையைச் செருகும் வெண்கல ஊசிகளும் இருந்தன. பொன்னோ சிறிதும் இல்லை.

தொட்டதெல்லாம் பொன்னாக்கியவன் எனப் பேர்பெற்ற அரசனின் மேட்டில் பொன் இல்லாமை கதைக்கு நேர்ந்த முதற்சோதனை. அடுத்த சோதனை காலத்தால் வந்தது. அறையின் மரங்களில் அமைந்த ஆண்டு வளையங்களை ஆராய்ந்ததில் அக்கல்லறை கி.மு. 740 அளவில் அமைக்கப்பட்டதெனத் தெரிந்தது. கி.மு. 709 அளவில் அசீரியரோடு தூது நடத்தியவன் கி.மு. 740இல் புதைக்கப்பட்டிருத்தல் இயலாது. எனவே அது மைதாசின் கல்லறையன்று. அவனுடைய தந்தையோ முன்னோரோ புதைக்கப்பட்ட இடமாகலாம் என்பது இன்றைய கருத்து. மேட்டின் பெயர் மாறவில்லை. அதன் பொருள் மாறிவிட்டது.

கதை இழந்ததை அகழ்வு வேறுவகையில் ஈடுசெய்தது. கலங்களின் அடியில் ஒட்டியிருந்த எச்சங்களைப் பேட்ரிக் மெக்கவர்னும் அவர் குழுவினரும் வேதியியல் முறையில் ஆராய்ந்து 1999இல் முடிவுகளை வெளியிட்டனர். திராட்சை மது, வாற்கோதுமைக் கள், தேன்மது ஆகியன கலந்த பானமும், ஆட்டிறைச்சியும் பருப்பும் சேர்த்துச் சமைத்த குழம்பும் ஈமவிருந்தில் படைக்கப்பட்டமை புலனாயிற்று. இறந்த அரசனைச் சூழ்ந்திருந்து மக்கள் உண்ட உணவை நாம் அறிவோம். அவன் பொன்னைப் பற்றி ஒன்றும் அறியோம். கதை தந்த அரசனைவிட இவ்வரசன் எளியவன். ஆயினும் இவனே வாழ்ந்தவன்.

4. கதை அகழ்வை வழிநடத்திய பிழை

இதுகாறும் கூறியவற்றால், அகழ்வு வந்ததும் கதை அடங்கிவிடும் என்று கருதத் தோன்றும். கோர்டியனின் மற்றொரு நிகழ்வு அவ்வாறன்று எனக் காட்டுகிறது. நகரின் தொன்மையான கோட்டைப்பகுதி பெருந்தீயால் அழிந்திருந்தது. கிம்மேரியர் என்னும் நாடோடிப் படையினர் ஃபிரிஜியாவைத் தாக்கினர் என்றும், மைதாஸ் எருதின் குருதியைக் குடித்து உயிர் துறந்தான் என்றும் பழைய நூல்கள் கூறும். அதனால் அகழ்ந்தோர் அத்தீயைக் கிம்மேரியர் இட்ட தீயாகக் கொண்டு, கி.மு. 700 அளவில் வைத்தனர். அவ்வாண்டை அடிப்படையாகக் கொண்டே அங்குக் கிடைத்த மட்கலங்களின் காலமும் கணிக்கப்பட்டது. அனதோலியாவின் பிற ஊர்களுக்கும் அக்கணிப்பே அளவுகோலாயிற்று.

பிற்காலக் கதிரியக்கக் கரிமக் கணிப்பும் பிற சான்றுகளும் அத்தீ கி.மு. 800 அளவில் நிகழ்ந்ததெனக் காட்டின. நூறாண்டு பிழை. மைதாஸ் பிறக்கும் முன்பே அணைந்துபோன தீயை அவன் மரணத்தோடு இணைத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் எழுதி வந்தனர். ஆய்வாளர் சோம்பியிருந்தனர் என்று கூறுதற்கில்லை. மண்ணைத் தோண்டும் முன்பே நூல் அவர்தம் மனத்தில் விடையை எழுதிவிட்டது என்பதே காரணம். நூல் மண்ணுக்குக் காலம் தந்தது. பின்னர் அம்மண்ணே நூலுக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. இவ்வட்டத்தை மீண்டும் நினைவுகூரும் தேவை நமக்கு ஏற்படும்.

5. அலெக்சாந்தரும் இஸ்கந்தரும்

கோர்டியன் நகர்க்கு உலகப்புகழ் தந்த நிகழ்வு கி.மு. 333இல் நேர்ந்தது. மைதாசின் தந்தை கோர்டியாஸ் தெய்வத்துக்கு அளித்ததாகச் சொல்லப்பட்ட வண்டியொன்று அங்கிருந்தது. அதன் நுகத்தடி முடிச்சை அவிழ்ப்பவன் ஆசியாவை ஆள்வான் என்பது வழக்கு. அலெக்சாந்தர் அதனை வாளால் வெட்டினான் என்பர். அவனுடன் சென்ற அரிஸ்டோபூலஸ் கூறியதாக வழங்கும் பிறிதொரு செய்தியோ, அவன் வண்டியின் ஆணியைப் பிடுங்கி முடிச்சை நெகிழ்த்தான் என்கிறது. வெட்டினானா, நெகிழ்த்தானா என்பதை இன்று எவரும் அறுதியிட இயலாது. ஃபிரிஜியரின் பழைய வண்டி மாசிதோனிய வெற்றிக்குத் தெய்வச் சான்றாக மாற்றப்பட்டது என்பதை மட்டும் உறுதியாகக் கூறலாம். ஆள வந்தவன் அங்கிருந்த தொன்மத்தைத் தன் வழிமரபுக்கு உரியதாக்கிக்கொண்டான்.

இங்கிருந்து ஜொகூருக்கு வரும் வழி நாம் நினைப்பதினும் குறுகியது. அலெக்சாந்தரே அரபு, பாரசீக மரபின் வழியாக இஸ்கந்தர் சுல்கர்னாயினாக மலாய் இலக்கியத்தில் புகுந்தவன். 'செஜாரா மெலாயு' தன் அரச வழிமரபை அவனிடமிருந்தே தொடங்குகிறது. அவன் இந்திய மன்னன் கிடா ஹிந்தியை வென்று அவன் மகளை மணக்கிறான். அவ்வழியில் தென்னிந்திய அரசன் ஒருவன் தோன்றுகிறான். படிகளுக்கேற்ப அவன் பெயர் சூரான் என்றும் சூலான் என்றும் வரும். அவனுடைய செயல்களும் அவன் வழித்தோன்றலின் செயல்களும் படிகளில் ஒன்றோடொன்று கலந்துள்ளன. அம்மரபினரே பின்னர் புக்கிட் சிகுந்தாங்கில் தோன்றி, சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் அரசமைத்தனர் என்பது பனுவலின் கதைப்போக்கு.

இப்பனுவலின் பெயர்பெற்ற வடிவம் 1612இல், ஜொகூர் அரசவையின் பெண்டகாரா துன் ஸ்ரீ லானாங் பெயரோடு தொடர்புற்று உருவானது. மலாக்கா 1511இல் போர்த்துகீசியரிடம் வீழ்ந்தது. அதன் வழிவந்த ஜொகூர் அரசு 1587இல் ஜொகூர் லாமா கோட்டையையும் அவர்களிடம் இழந்திருந்தது. ஆற்றங்கரையில் தலைநகரை இடம் மாற்றி மாற்றி வாழ்ந்த அரசகுலத்திற்குத் தன் குடிப்பிறப்பின் பெருமை அரணாகத் தேவைப்பட்டது. ஃபிரிஜிய வண்டியைத் தனதாக்கிக்கொண்ட அதே அலெக்சாந்தரை, தலைநகர் இழந்த மலாய் அரசகுலம் தன் முன்னோனாக்கிக்கொண்டது. இந்நோக்கத்தை மறந்து ராஜா சூலான் கதையை வாசிப்பது, அசீரிய ஆவணத்தை அசீரியர்க்கு நோக்கமேதும் இல்லாததுபோல் வாசிப்பதை ஒக்கும்.

6. ஜொகூர் ஆற்றின் கருங்கற் கோட்டை

செஜாரா மெலாயுவின்படி, சீன நாட்டை வெல்லப் புறப்பட்ட அத்தென்னிந்திய அரசன் வழியில் கங்கா நகரத்தை வென்றான். அடுத்து ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்த நகரொன்றை அடைந்தான். அதன் கோட்டை கருங்கல்லால் ஆனது. அதன் பெயர் சயாம் மொழியில் 'மணிகளின் கருவூலம்' எனப் பொருள்படும். அது திரிந்து வேறுவகையாக வழங்குகிறது. கோட்டை இன்றும் உள்ளது என்கிறது பனுவல். அந்நகர மன்னன் ராஜா சூலின் போரில் மடிய, அவன் மகளை வென்றவன் மணக்கிறான். பின்னர்ச் சீனத்திலிருந்து பல்லில்லாக் கிழவர்களையும் துருவேறிய ஊசிகளையும் ஏற்றிய கப்பலொன்று வருகிறது. "புறப்பட்டபோது நாங்கள் இளைஞர், இவ்வூசிகள் இரும்புக் கம்பிகள்" என்பது கிழவர்கள் சொன்னதன் கருத்து. சீனம் அத்துணைத் தொலைவோ என மலைத்து அரசன் படையெடுப்பைக் கைவிடுகிறான். பின்னர்க் கண்ணாடிப் பேழையில் கடலடி சென்று ஆங்கும் ஒரு திருமணம் நிகழ்கிறது.

இப்பகுதியைத் திறனாய்வு நோக்கில் அணுகின் இரு வேறு கூறுகளைப் பிரித்தறியலாம். முதலாவது இடச்செய்தி. ஜொகூர் அரசவையில் எழுதியவர் தம் ஆற்றை அறியாதவராக இருத்தல் அரிது. ஆற்றின் மேற்பகுதியில் பழங்கோட்டையொன்றின் சிதைவு உண்டென 17ஆம் நூற்றாண்டினர் நம்பியிருக்கலாம். அது மதிக்கத்தக்க செய்தி. இரண்டாவது வெற்றிக்கதை. கங்கா நகரப் போர், ஊசிக் கப்பல், கண்ணாடிப் பேழை ஆகிய அனைத்தும் ஒரே கதைத்தொடரின் கண்ணிகள். ஊசிக் கப்பலைக் கற்பனை என ஒதுக்கி, அதற்கு முந்திய போரை மட்டும் வரலாறு எனக் கைக்கொள்வதற்குப் பனுவலில் எக்குறிப்பும் இல்லை. அத்தெரிவை நிகழ்த்துவது நம் விருப்பமே.

பெயரொற்றுமை பற்றியும் ஒன்று கூறவேண்டும். சூலான் என்பது சோழன் என்பதன் எதிரொலி என்று பலரும் கொண்டுள்ளனர். அஃது ஏற்கத்தக்கதே. ஆயின் தோற்றவன் பெயரும் சூலின் அன்றோ? வென்றவனின் பெயர் சோழனைச் சுட்டுமாயின் தோற்றவனின் பெயர் யாரைச் சுட்டும்? நம் எழுத்தாளர்கள் முதற்பெயரைப் பற்றிக்கொண்டு இரண்டாம் பெயரைப் பேசாமல் விடுகின்றனர். சோழரைப் பற்றிய மங்கிய நினைவொன்று மலாய்க் கதைமரபில் வாழ்ந்தது என்பதற்கு மேல் அப்பெயர்கள் எதனையும் தாங்கமாட்டா. பெக்கோஸ் என்னும் சொல் மெய்யாக இருந்தும் முடிபு பொய்த்ததை இங்கு நினைவுகூர்தல் தகும். அன்றியும் கோத்தா கெலாங்கி என்னும் பெயர் பகாங் மாநிலத்தின் ஜெராந்துட் அருகிலுள்ள சுண்ணாம்புக் குகைகளுக்கும் வழங்குகிறது. பெயர்கள் ஓரிடத்தில் நிலைத்து நிற்பவையல்ல.

7. மெய்க்கீர்த்தியும் ஓர் அரசவை இலக்கியமே

மலாய்ப் பனுவலை ஐயத்தோடு வாசிக்கும் நாம், நம் மெய்க்கீர்த்தியை அவ்வாறு வாசிக்கிறோமா என்பதே நேர்மையான வினா. 1025 அளவில் நிகழ்ந்த கடாரப் படையெடுப்பைக் கூறும் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு பதின்மூன்று இடங்களை வரிசையாகச் சொல்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் முதலியன அவற்றுள் அடங்கும். கடாரம் கெடா என்பதும், மாநக்கவாரம் நிக்கோபார் என்பதும், இலாமுரி சுமத்ராவின் வடமுனை என்பதும் பரவலாக ஏற்கப்பட்டவை. மலையூரைத் தீபகற்பத்தின் தென்பகுதியில் வைக்க விழைந்தோர் உளர். சுமத்ராவின் ஜம்பிப் பகுதியில் வைப்போரே மிகுதி. வேறு சில பெயர்கள் இன்றும் வழக்கிலுள்ள சிக்கல்கள். ஜொகூர் ஆற்றை ஐயமின்றிச் சுட்டும் பெயர் அவ்வரிசையில் ஒன்றுமில்லை.

மேலும் மெய்க்கீர்த்தி மன்னன் புகழ் பாடவே அமைந்தது. நீலகண்ட சாஸ்திரியார் படையெடுப்பின் வரலாற்று மெய்ம்மையை ஏற்றுக்கொண்டபோதும், அதனால் கடல்கடந்த நிலையான ஆட்சி அமைந்ததாகக் கொள்ளவில்லை. ஜார்ஜ் ஸ்பென்சர் 1983இல் வெளியிட்ட நூலில், கொள்ளையும் கொடையும் இணைந்த சோழ அரசியலின் பின்னணியில் அதனை விளக்கினார். வரிசையாக இடப்பெயர் அடுக்குதல் சோழர்க்கு மட்டும் உரிய வழக்கன்று. 2019இல் துருக்கியின் கோன்யா சமவெளியில் கண்டெடுக்கப்பட்ட லூவியக் கல்வெட்டொன்றில் ஹர்த்தாப்பு என்னும் அரசன் முஷ்கி நாட்டை வென்றதாகவும், ஓராண்டில் பதின்மூன்று மன்னரைத் தன்வயப்படுத்தியதாகவும் உரைக்கிறான். உடனே உலகச் செய்தித்தாள்கள் 'மைதாசை வென்ற அரசு' என முழங்கின. கல்வெட்டிலோ மைதாசின் பெயர் இல்லை. அங்கும் பதின்மூன்று, தஞ்சையிலும் பதின்மூன்று என்பது தற்செயல். ஆயினும் அத்தற்செயலிலிருந்து ஓர் உறவைப் புனைய நம் மனம் எத்துணை விரைகிறது என்பதை இக்கட்டுரையை எழுதும்போது நாமே உணர்ந்தோம்.

8. 2005இன் செய்தியும் அதன் பின்னும்

ரைமி செ ரோஸ் என்னும் ஆய்வாளர் 2004ஆம் ஆண்டு அரச ஆசியக் கழகத்தின் மலேசியக் கிளை இதழில் கோத்தா கெலாங்கி பற்றி விரிவான கட்டுரையொன்றை எழுதினார். மலாய்க் கையெழுத்துப் படிகளையும் குடியேற்றக்கால நிலப்படங்களையும் வான்வழிப் படங்களையும் ஒருசேர நோக்கி, ஜொகூரின் லிங்கியு காட்டுப்பகுதியில் அந்நகரின் எச்சங்கள் இருக்கலாம் என்னும் கருதுகோளை முன்வைத்தார். 2005 பிப்ரவரியில் நாளிதழ்கள் அதனைப் பெருஞ்செய்தியாக்கின. ஆய்விதழில் கருதுகோளாக இருந்தது செய்தித்தாளில் நகரமாயிற்று. நம் வகுப்பறைகளில் சோழர் நகரமாயிற்று. ஒவ்வொரு படியிலும் ஒரு 'இருக்கலாம்' உதிர்ந்தது.

2005 சூலையில் அரசு அமர்த்திய குழுவினர் அங்கு ஒருமாத காலம் ஆய்ந்தனர். 2006 ஏப்ரலில் நகரின் தடயம் எதுவும் கிடைக்கவில்லை எனச் செய்தி வெளியாயிற்று. நகரே இல்லையென அறுதியாக மறுக்கவில்லை, இதுவரையிலான ஆய்வு அதனை மெய்ப்பிக்கவில்லை என்பதே நிலை என்று பின்னர் விளக்கப்பட்டது. அவ்விளக்கத்தில் குறைகாண ஏதுமில்லை. ஒருமாத ஆய்வு பெருங்காட்டைத் தீர்த்துவிடாது என்பதும் உண்மை. ஆயின் தமிழில் இதுபற்றி எழுதுவோர் சிலர், சான்று கிடைக்காமையையே மறைப்புக்குச் சான்றாகக் காட்டத் தலைப்படுகின்றனர். கிடைத்தால் சோழர் நகரம், கிடைக்காவிடின் மறைக்கப்பட்ட சோழர் நகரம் என்றாகும்போது, அக்கூற்றைப் பொய்ப்பிக்கவே இயலாது. பொய்ப்பிக்க இயலாத கூற்றுக்கு ஆய்வில் இடமில்லை.

நாளை அக்காட்டில் கற்சுவரொன்று வெளிப்படுவதாகவே கொள்வோம். அப்போதும் அதனை ராஜா சூலினின் கோட்டை என்று உடனே பெயரிடுதல் கோர்டியன் தீயில் நேர்ந்த பிழையாகவே முடியும். சுவரின் காலத்தை அதன் மண்ணடுக்கும் மட்கலங்களும் சொல்லவேண்டும். செஜாரா மெலாயு சொல்லக்கூடாது.

9. கிடைத்திருப்பவை

கடல்கடந்த தமிழர் வரலாற்றுக்குச் சான்று இல்லாமல் நாம் தவிக்கவில்லை. தென் தாய்லாந்தின் தக்குவா பாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு குளமொன்றையும் மணிக்கிராமத்தாரையும் பேசுகிறது. சுமத்ராவின் பாருசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைச் சுட்டுகிறது. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சிவன் கோயிலைக் குறிக்கிறது. ஆனைமங்கலச் செப்பேடு நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எடுப்பித்த புத்த விகாரத்திற்குச் சோழன் ஓர் ஊரை வழங்கியதைக் கூறுகிறது. குளம், வணிகம், கோயில், கொடை என்பன இவற்றின் பொருள். வாளேந்திய வெற்றியைவிட இவை எளியவை. ஃபிரிஜியக் கல்லறையின் பருப்புக்குழம்பைப் போல வாழ்ந்தோரின் வாழ்வுக்கு அணுக்கமானவை. ஜொகூரில் சோழர்காலத் தமிழ்க் கல்வெட்டு எதுவும் கிடைத்திலது. இவ்வுண்மையைச் சொல்வதால் தமிழர் வரலாறு குறைந்துவிடாது.

சொல்லாமையால் நேரும் கேடோ உண்டு. 2013இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்குப் பகுதியில், பதினொன்றாம் எண்ணிடப்பட்ட பழஞ்சண்டி நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டது. அது கதையில் இருந்த கோட்டையன்று. மண்ணில் நின்ற கட்டடம். காணாத நகரைப் பற்றி எத்தனையோ பேசிய நம்முள் எத்தனை பேர் கண்முன் நின்ற அக்கட்டடத்தை முன்பு சென்று கண்டிருந்தோம்? சான்றுள்ளதையும் சான்றில்லாததையும் ஒரே குரலில் உரக்கப் பேசுவோமாயின், சான்றுள்ளதற்காக நாம் குரலெழுப்பும் நாளில் கேட்போர் அதனையும் ஐயுறுவர்.

10. முடிவுரை

ஆசிரியையின் வினாவிற்கு இப்போது விடை கூறலாம். மாணவர்க்குக் கோத்தா கெலாங்கியைச் சொல்லுங்கள். ஆனால் இராசேந்திரன் வென்ற நகரமாகச் சொல்லாதீர்கள். 1612இல் ஜொகூர் அரசவையில் எழுதப்பட்ட ஒரு மலாய்ப் பனுவல், தன் அரசகுலத்தின் பெருமையைக் காட்ட இஸ்கந்தரையும் தென்னிந்திய அரசனையும் முன்னோராக்கிக்கொண்டது என்று சொல்லுங்கள். மலாய்ப் புலவர் ஒருவர் தம் மன்னனின் குடிப்பெருமைக்குத் தென்னிந்தியத் தொடர்பை நாடினார் என்பது சிறிய செய்தியன்று. அதற்குச் சான்று கையெழுத்துப் படியிலேயே உள்ளது. அகழ வேண்டியதில்லை. பின்னர் மைதாசின் கதையை அதனருகே வைத்து, யார் சொன்னது, எப்போது சொன்னது, யாருக்காகச் சொன்னது, வேறு எவர் கண்டது என்று மாணவரையே கேட்கச் செய்யலாம். பதினைந்து வயது மாணவருக்கு இவ்வினாக்கள் கடினமானவையல்ல. 2005இல் நம் வகுப்பிலும் மாணவன் ஒருவன், "சார், அந்த நகரத்தை யாராவது நேரில் பார்த்தார்களா?" என்று கேட்டான். அவனை உட்காரச் சொன்னோம். அன்று அவ்வகுப்பில் எழுப்பப்பட்ட ஒரே ஆய்வு வினா அவனுடையதே.